குறை கையிலா? மேசையிலா?

(‘ஒரு நிறுவனம் பெரிதும் சிறப்பது ஆட்களின் திறமையாலா? உள்ளமைப்பாலா?’ என்ற தலைப்பில் மண்ணூரில் நடந்த பட்டிமன்றத்தில், ‘உள்ளமைப்பாலே!’ என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எதிரே உட்கார்ந்து என்னை இப்போதே முறைக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே! ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே வந்து அமர்ந்திருக்கும் மண்ணூர்ப் பெருமக்களே! தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஐயா ஒரு கேள்வி கேட்டார். ‘மேசையா வேலை செய்யுது? நாற்காலியா வேலை செய்யுது? மனுஷன்தானே வேலை செய்யறான்!’ என்று கேட்டார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஐயா, பேச்சு நல்லா இருந்ததுக்குத் தட்டினேன். ஒத்துக்கிட்டேன்னு கணக்கு எழுதிடாதீங்க. (சிரிப்பு)

மனிதன்தான் வேலை செய்கிறான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் அவனை வேலை செய்ய விடுவது எது? அதுதான் இன்றைக்குக் கேள்வி. உள்ளமைப்பு என்றால் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிப்பது இல்லை, வரவேற்பறையில் பூத்தொட்டி வைப்பது இல்லை. எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும், எந்த வேலை எதற்குப் பின்னால் வர வேண்டும், தவறு நடந்தால் அது எங்கே தெரிய வேண்டும், வேலை செய்கிறவர் எங்கே உட்கார வேண்டும், எங்கே சாப்பிட வேண்டும் என்று யோசித்து வகுத்து வைப்பது. அதற்குப் பெயர்தான் உள்ளமைப்பு.

இது பெரிய படிப்பு படித்தவர்கள் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். நம் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. அஞ்சறைப்பெட்டி! (கைதட்டல்)

என் மாமியாருடைய அஞ்சறைப்பெட்டிக்கு நாற்பது வருஷ வயது. எது எந்தக் கிண்ணம் என்று பார்க்கவே மாட்டார்கள். கரண்ட் போனாலும் தாளிப்பு நிற்காது. கை தானாகப் போகும், கடுகு தானாக வரும். எதிரணி என்ன சொல்லும்? ‘பார்த்தீங்களா, அது அந்த அம்மாவோட திறமை!’ என்று சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று பொறுப்பு வந்துவிட்டது. (சிரிப்பு) பெட்டியைக் கழுவித் துடைத்து, கிண்ணங்களையெல்லாம் அவர் இஷ்டத்துக்குத் திருப்பி வைத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி கரண்ட் இல்லை. வீட்டில் ஒருவருக்கு இருமல். மாமியார் பாலைக் காய்ச்சி, கை போன இடத்தில் இருந்து மஞ்சள் தூளை எடுத்துப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார்கள். அது மஞ்சள் தூள் இல்லை. மிளகாய்த் தூள்! குடித்தவர் யார் தெரியுமா? பெட்டியைத் திருப்பி வைத்த அதே மகராசன்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் ஐயா, சிரித்து முடித்துவிட்டு யோசியுங்கள். அதே மாமியார். அதே கை. அதே நாற்பது வருஷத் திறமை. மாறியது எது? பெட்டி மட்டும்தான். திறமை பெட்டியோடு சேர்ந்து இருந்தது ஐயா. பெட்டி கலைந்தது, திறமையும் கலைந்தது.

இப்போது ஒரு கல்லூரி அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் கொஞ்சம் சர்வீஸ் இருக்கிறது. (சிரிப்பு) படிப்பு முடித்த பையன் மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரு படிவம். அதில் ஒன்பது கையெழுத்து. நூலகத்தில் பாக்கி இல்லை, ஆய்வகத்தில் பாக்கி இல்லை, விடுதியில் பாக்கி இல்லை! விடுதியில் ஒரு நாள்கூடத் தங்காத பையனும் விடுதிக் காப்பாளரைத் தேடி அலைய வேண்டும். தமிழ் படித்தவனுக்கு எதற்கய்யா ஆய்வகக் கையெழுத்து? அவன் உடைத்தது யாப்பைத்தானே, குடுவையையா? (சிரிப்பு)

எல்லோரும் யாரைத் திட்டினோம்? ஜன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தரை. ‘வேலை செய்யத் தெரியாத ஆளு’ என்றோம். பிறகு ஒரு முதல்வர் வந்தார். படிவத்தை மாற்றினார். ‘பாக்கி உள்ளவன் பட்டியலை மட்டும் அந்தந்தத் துறை அனுப்பட்டும். பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு அன்றைக்கே சான்றிதழ்’ என்றார். ஒரு வாரம் இழுத்த வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்தது. எழுத்தர் மாறினாரா? இல்லை. அதே எழுத்தர், அதே மூக்குக்கண்ணாடி! அத்தனை வருஷமாக ஒரு நல்ல மனிதரைத் திட்டியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நடுவர் அவர்களே, இது இந்த மண்ணுக்குப் புதிய செய்தி இல்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் திருப்பெரும்புதூர். 1017ஆம் ஆண்டு இராமானுசர் பிறந்த ஊர். அவரை ஆன்மிகப் பெரியவராக எல்லோருக்கும் தெரியும். நான் இன்றைக்கு அவரை ஒரு நிர்வாகியாகக் கூப்பிடுகிறேன். திருவரங்கம் கோயிலுக்குப் போனார். அவ்வளவு பெரிய கோயில். மடைப்பள்ளி ஒரு பக்கம், பூ ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். யார் எதைச் செய்வது என்பதில் குழப்பம் வந்தால் பூசை நிற்கும். அவர் என்ன செய்தார்? ‘நல்ல ஆட்களாகப் பார்த்துப் போடுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாரா? ஐந்து கொத்தாக இருந்த பணியாளர்களைப் பத்துக் கொத்தாக வகுத்தார், இன்னாருக்கு இன்ன பணி என்று முறைப்படுத்தினார் என்று அந்தக் கோயிலின் வரலாற்று நூலான ‘கோயிலொழுகு’ சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் பிறந்த திருப்பெரும்புதூர்க்காரர் செய்த வேலை ஐயா இது! இந்த ஊர்க்காரர்களுக்கு நான் உள்ளமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. (கைதட்டல்)

குறள் சொல்லாமல் தமிழாசிரியர் மேடையை விட்டு இறங்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது. (சிரிப்பு) நான் குறள் சொல்லப் போவதில்லை. எதிரணித் தம்பி ‘தெரிந்து வினையாடல்’ என்ற அதிகாரத்தைச் சொல்லி, ‘வள்ளுவரே ஆளைப் பார்த்துத்தான் வேலை கொடுக்கச் சொன்னார்’ என்றார். சரி தம்பி. அது 52ஆம் அதிகாரம். அதோடு புத்தகத்தை மூடிவிட்டீர்களே! 68ஆம் அதிகாரம் வரைக்கும் வாருங்கள். ‘வினைசெயல்வகை’ என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். ஆளைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்றால், செயலைச் செய்யும் வகைக்கு எதற்குத் தனியாகப் பத்துக் குறள்? (கைதட்டல்)

கடல் தாண்டிப் போவோம். 1961ஆம் ஆண்டு. ஜப்பானில் யமடா என்ற மின்பொருள் ஆலை. ஒரு சின்ன சுவிட்ச். அதில் இரண்டு பொத்தான். ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங். தொழிலாளி சில சமயம் ஒரு ஸ்பிரிங்கைப் போட மறந்துவிடுகிறார். வாங்கினவர்கள் புகார் செய்கிறார்கள். நிர்வாகம் என்ன செய்தது? எல்லா நிர்வாகமும் செய்வதைத்தான் செய்தது. ‘கவனமா இருங்க’ என்று திட்டியது. கொஞ்ச நாள் சரியாக இருக்கும். மறுபடியும் மறதி.

ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் போய்ப் பார்த்தார். ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொண்டு வரச் சொன்னார். ‘வேலையை ஆரம்பிக்கும்போது பெட்டியில் இருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து இந்தக் கிண்ணத்தில் போடு. பிறகு பொருத்து. முடித்ததும் கிண்ணத்தைப் பார். கிண்ணத்தில் ஸ்பிரிங் மிச்சம் இருந்தால் மறந்துவிட்டாய் என்று அர்த்தம்’ என்றார். அவ்வளவுதான்! கோடி ரூபாய் எந்திரம் இல்லை. ஒரு கிண்ணம். புகார் நின்றது. மறதி மனிதனை விட்டுப் போகவில்லை ஐயா. மறதி கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்தது.

இதற்கு அவர் வைத்த பெயரில்தான் எனக்குக் கண் கலங்கியது. முதலில் ‘பாகா யோகே’ என்றார்கள். முட்டாளும் தவறு செய்ய முடியாத ஏற்பாடு என்று பொருள். 1963இல் அரகாவா என்ற ஆலையில் இந்தப் பெயரைக் கேட்ட ஒரு பெண் தொழிலாளி அழுதுவிட்டார். ‘நான் என்ன அவ்வளவு முட்டாளா?’ என்று கேட்டார். ஷிங்கோ பெயரையே மாற்றினார். ‘போக்கா யோகே.’ கை தவறிச் செய்கிற பிழையைத் தடுக்கும் ஏற்பாடு. நல்ல அமைப்பு என்பது ‘நீ முட்டாள்’ என்று சொல்வது இல்லை. ‘நீயும் மனுஷன்தான், உனக்கும் களைப்பு வரும், அதற்கு நான் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன்’ என்று சொல்வது.

இது ஜப்பான்காரன் கதைதானே என்று எதிரணி நினைக்கலாம். நம் ஊர்ப் பையன் கதை ஒன்று சொல்கிறேன். இதில் சிரிப்பு இல்லை.

என்னிடம் தமிழ் இலக்கியம் படித்த மாணவன். மூன்று வருஷமும் முதல் பெஞ்ச். குடும்பக் கஷ்டம். மேலே படிக்க முடியாமல் இந்தப் பக்கத்தில் வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு சின்ன ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். பிரஸ் எந்திரம். மேலே இருந்து இறங்கித் தகட்டை அழுத்தும். அதை இயக்க இரண்டு பொத்தான் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். எதற்காக? இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் எந்திரத்துக்கு அடியில் இருக்காது. எவ்வளவு அருமையான யோசனை பாருங்கள்!

ஆனால் அங்கே ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். ஒரு கையால் அழுத்தலாம், இன்னொரு கையால் தகடு வைக்கலாம். எண்ணிக்கை கூடும். எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. ராத்திரி ஷிப்ட், விடியற்காலை நேரம், ஒரு கணம் கண் சொருகியது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

விசாரணைத் தாளில் காரணம் என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘தொழிலாளியின் கவனக்குறைவு.’

அவன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வீட்டுக்கு வந்தான். தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான். வலது கையைத் தட்டுக்கு அடியிலேயே வைத்திருந்தான். நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டேன். அவன் கையை வெளியே எடுக்கவில்லை. ‘என் தப்புதான் மேடம், கவனமா இருந்திருக்கணும்’ என்றான். நடுவர் ஐயா, விரல் போனதைவிட அது கொடுமை. அந்தத் தாளில் எழுதியதை அவனும் நம்பிவிட்டான்! (அமைதி)

நான் கேட்டேன், ‘ஏன்டா தம்பி, எதுக்கு அந்த டேப்பை ஒட்டினீங்க?’ அவன் சொன்னான், ‘தகடு வச்சிருக்கிற பெட்டி முதுகுக்குப் பின்னால இருக்கும் மேடம். ஒவ்வொரு தடவையும் திரும்பி எடுக்கணும். அதுல போற நேரத்தை எங்கேயாவது பிடிக்கணும்ல?’

கேட்டீர்களா? பெட்டி முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதைப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் வைத்திருந்தால் திரும்ப வேண்டாம். திரும்பாவிட்டால் நேரம் மிச்சம். நேரம் மிச்சமானால் டேப் வேண்டாம். டேப் இல்லாவிட்டால் இரண்டு விரலும் இருந்திருக்கும். அந்த டேப் ஒரு புகார் மனு ஐயா. ‘இந்த வேலையை இப்படி வைத்தால் செய்ய முடியாது’ என்று தொழிலாளி எழுதி ஒட்டிய மனு. அதை ஒருவரும் படிக்கவில்லை. அவன் கவனத்தில் குறை இல்லை. பெட்டி வைத்த இடத்தில் குறை. கையில் இல்லை, மேசையில்!

ஐந்து நிமிஷத்தில் இடம் மாற்றியிருக்கக்கூடிய ஒரு பெட்டி. அதற்கு ஈடாக இரண்டு விரல். இந்தப் பக்கம் திறமை இருக்கிறது, அந்தப் பக்கம் அமைப்பு இருக்கிறது என்று நாம் மேடையில் சிரித்துப் பேசுகிறோம். உள்ளே அது விரல் கணக்கு. (நீண்ட கைதட்டல்)

இன்னும் ஒன்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் சான்ட்ரோ கார் ஓடி வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். இந்தப் பக்கம் சுங்குவார்சத்திரத்தில் ஐபோன். ஐபோனின் வடிவமைப்பை உலகமே மெச்சுகிறது. ஓரம் இவ்வளவு வழவழப்பு, பொத்தான் இந்த இடத்தில் என்று ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் யோசித்தார்கள். ஆனால் 2021 டிசம்பரில் என்ன நடந்தது? அதைப் பொருத்துகிற பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டு, 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மற்ற பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. பொருளுக்கு யோசித்த அறிவு, அதைச் செய்கிற பெண்ணின் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரவில்லை. எதிரணியைக் கேட்கிறேன். அந்தப் பெண்களுக்குத் திறமை இல்லையா? விரல் நுனியில் திறமை! சமையலறை சரியில்லை, லைன் நின்றது.

அதற்குப் பிறகு யோசித்தார்கள். வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பெண்கள் தங்கும் விடுதி கட்டியது. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். ஆனால் இதை முதலிலேயே யோசிப்பதற்குப் பெயர்தான் உள்ளமைப்பு. சாலையில் வந்து உட்கார்ந்த பிறகு யோசிப்பதற்குப் பெயர் வேறு.

உட்கார்வது என்றதும் நாற்காலி ஞாபகம் வருகிறது. துணிக்கடையில் காலையில் இருந்து ராத்திரி வரைக்கும் நிற்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். நாம் பாயில் உட்கார்ந்துகொண்டு நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்வோம். கடைசியில் ‘அந்த முதல் புடவையே கொடும்மா’ என்போம். (சிரிப்பு) அவர்களுக்கு உட்கார ஒரு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் திருத்தியது. ஒரு நாற்காலி போடுவதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது ஐயா! எதிரணித் தலைவரே, ‘நாற்காலியா வேலை செய்யுது’ என்று கேட்டீர்களே, அந்தப் பெண்களிடம் போய்க் கேளுங்கள். (பலத்த கைதட்டல்)

நடுவர் ஐயா மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு செய்தி. எதிரணி தங்களுக்குச் சாட்சியாக மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொன்னார்கள். ‘டாக்டர் வெங்கடசாமி என்ற தனி மனிதரின் திறமை’ என்றார்கள். அவர் பெரிய மனிதர்தான். மூட்டு நோயால் விரல்கள் வளைந்துபோன பிறகும், அதே விரலால் கண் அறுவைச் சிகிச்சை செய்தவர். 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். ஆனால் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். ஒரு மருத்துவருக்குப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேசை போட்டார். ஒரு மேசையில் அறுவைச் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்து வைத்திருப்பார்கள். மருத்துவர் இந்த வேலையை முடித்ததும் அந்தப் பக்கம் திரும்பினால் போதும். தயார் செய்கிறவர்கள் யார்? கிராமத்தில் இருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். மருத்துவருக்குத் தெரிந்ததை மருத்துவர் செய்வார், மற்றதை மற்றவர் செய்வார். மிச்சமான நேரத்தில் பணம் இல்லாத ஏழைக்கும் பார்வை கிடைத்தது.

தன் திறமையை மட்டும் நம்பியிருந்தால் அவரோடு அது முடிந்திருக்கும். 2006இல் அவர் மறைந்தார். மருத்துவமனை நின்றதா? இன்றைக்கும் காலையில் கதவு திறக்கிறது, அந்த இரண்டு மேசையும் அருகருகே நிற்கின்றன. எதிரணி கொண்டு வந்த சாட்சி எங்களுக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார். (சிரிப்பு, கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

முடித்துவிடுகிறேன் ஐயா. எதிரணிக்கு ஒன்றை விட்டுக் கொடுக்கிறேன். அமைப்பும் மனிதன் வகுத்ததுதான். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து படம் போட்டுக் கீழே அனுப்பினால் அது அமைப்பு இல்லை, அடுத்த டேப்புக்கு அஸ்திவாரம். அந்த வேலையைத் தினமும் செய்கிறவரைக் கேட்டு வகுத்தால்தான் அது நல்ல அமைப்பு. என் மாமியார் இல்லாமல் அந்த அஞ்சறைப்பெட்டி இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

அதனால் இங்கே இருக்கும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு ராத்திரி ஷிப்ட், லைனில் போய் நின்று பாருங்கள். எங்கே டேப் ஒட்டியிருக்கிறது, எங்கே கயிறு கட்டியிருக்கிறது, எங்கே அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். திட்டாதீர்கள். படியுங்கள். தொழிலாளத் தம்பிகளே, தங்கைகளே! உங்களுக்கும் ஒன்று. ‘கவனக்குறைவு’ என்று எழுதின தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ‘பெட்டி எங்கே இருந்தது?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் மாணவனுக்குப் போன வருஷம் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போயிருந்தேன். குழந்தை அவன் வலது கையைத்தான் பிடித்துக்கொண்டு தூங்கியது. மூன்று விரல். அது போதும் அந்தக் குழந்தைக்கு. ஆனால் நமக்குப் போதாது நடுவர் அவர்களே. அந்தக் கை ஐந்து விரலோடு இருந்திருக்க வேண்டிய கை.

ஆகவே, ஒரு நிறுவனம் பெரிதும் சிறப்பது உள்ளமைப்பாலே, உள்ளமைப்பாலே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)